வேட்டை நாய் ஈத்துக்கான சாமான்கள்: சென்னையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

பெட்டை சினையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பெட் ஷாப்புக்குள் நுழைந்தால், ஒரு பெரிய பை நிறைய சாமானோடுதான் வெளியே வர முடியும். பால் பவுடர் டப்பா, நான்கு நிப்பிள் வைத்த பீடிங் பாட்டில், ஹீட்டிங் பேட், கால்சியம் சிரப், கலர் கலராகக் கழுத்துப் பட்டை, குட்டிகளுக்கென்று ஒரு வாசனை ஸ்ப்ரே. சில கடைகளில் இதையே ‘பப்பி கிட்’ என்று ஒரே அட்டைப்பெட்டியில் கட்டி விற்கிறார்கள். அந்தப் பெட்டியில் எடை மெஷின் இருக்காது, தெர்மாமீட்டரும் இருக்காது. முதல் மூன்று வாரத்தில் எந்தக் குட்டி பிழைக்கும், எது தேறாமல் போகும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவை அந்த இரண்டும்தான். இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. கடைக்காரருக்கு அதில் லாபம் குறைவு என்பதால் எடுத்துக்காட்டவும் மாட்டார்.

இந்த மதிப்பீடு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற நாட்டு வேட்டை நாய் இனங்களின் ஈத்துகளை மனதில் வைத்து எழுதியது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இவை வேட்டைக்குப் போவதில்லை. ஆனால் உடல்வாகு வேட்டைக்கானதுதான். ஒட்டிய மயிர், தோலுக்கடியில் கொழுப்பு குறைந்த உடம்பு, நீளமான கால். லாப்ரடார் ஈத்துக்குச் சரியாக இருக்கும் பல பொருள் இவற்றுக்கு ஒத்துவராது. போதாக்குறைக்கு, குட்டி வளர்ப்புச் சாமான்களில் பாதி குளிர் நாட்டுக்காகச் செய்தவை. சென்னையில் ஜனவரி இரவே 21 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாது. மே மாதப் பகல் 38, அதற்கு மேலும் ஏறும்.

எடை மெஷின்: முதல் செலவு இதுதான்

சமையலறைக்கு விற்கும் 10 கிலோ டிஜிட்டல் மெஷின் போதும். ஒரு கிராம் துல்லியம் காட்ட வேண்டும். நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு எங்கும் கிடைக்கிறது. 5 கிராம் படியில் ஏறும் மெஷினை வாங்க வேண்டாம். காரணம், நாட்டு வேட்டை நாய்க் குட்டி பெரும்பாலும் 300 முதல் 500 கிராமுக்குள் பிறக்கும். நாளொன்றுக்குப் பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். 400 கிராம் குட்டிக்கு அது 20 முதல் 40 கிராம். காலையும் மாலையும் நிறுத்தால் ஒரு வேளைக்கு 10 கிராம் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். 5 கிராம் படி மெஷினில் அது சரியாகத் தெரியாது.

மெஷின் சரியா என்று பார்க்க ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். பாலின் அடர்த்திக்கு 515 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். ஏழெட்டுக் கிராம் தள்ளியிருந்தாலும் கவலையில்லை, தினமும் அதே மெஷினில் நிறுக்கும்வரை. நமக்கு வேண்டியது ஏற்ற இறக்கம்தான். மேல்தட்டு சிறியதாக இருப்பதால் குட்டி உருண்டுவிடும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, உள்ளே துணி போட்டு, ‘டேர்’ பட்டனை அழுத்தி பூஜ்ஜியமாக்கிய பிறகு குட்டியை இறக்க வேண்டும். இந்த மலிவு மெஷின்களின் ஒரே குறை, நெளியும் குட்டியின் எடை நிலைக்காமல் ஆடும். பால் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்து நிறுத்தால் தீர்ந்தது.

எழுதி வைக்க வேண்டிய கணக்கு எளிது. முதல் நாள் சில குட்டிகள் கொஞ்சம் எடை இறங்கும். பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் ஆபத்து. இரண்டாம் நாளிலிருந்து ஏறியாக வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் எடை இரட்டிக்க வேண்டும். ஒரு முழு நாள் எடை ஏறாமல் நின்ற குட்டியை அன்றே தனியாகக் கவனிக்க வேண்டும். அது கத்துகிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் பலனில்லை. எடை நின்று ஒரு நாள் கழித்துத்தான் குட்டி சோர்ந்தது கண்ணுக்கே தெரியும். அதற்குள் பாதி நேரம் கைவிட்டுப் போயிருக்கும்.

இங்கே கழுத்துப் பட்டையைப் பற்றியும் சொல்லிவிடலாம். கன்னிக் குட்டிகளுக்கு மார்பிலும் காலிலும் உள்ள செம்பழுப்புத் திட்டு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுபடும், அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ராஜபாளையம் ஈத்தில் எட்டுக் குட்டி இருந்தால் எட்டும் வெள்ளையாக, மூக்கு வெளிறிய சிவப்பாக, ஒரே அச்சில் கிடக்கும். எதை நிறுத்தோம், எதை விட்டோம் என்று தெரியாமல் எழுதிய எடைக் குறிப்பால் பயனில்லை. பன்னிரண்டு நிறத்தில் வரும் வெல்க்ரோ பட்டைகள் ராஜபாளையத்துக்கு உண்மையிலேயே உதவுகின்றன. தினமும் நிறுக்கும்போதே பட்டைக்குள் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். எடை இரட்டிக்கும் வேகத்தில் மூன்று நாளில் இறுகிவிடும். நைலான் நூல் பட்டை, ரப்பர் பேண்ட் இரண்டும் கூடாது.

குட்டி போடும் பெட்டி: கடையில் வாங்காதீர்கள்

ஆன்லைனில் மடக்கும் துணிப் பெட்டி, ஊதும் பிளாஸ்டிக் தொட்டி என்று ஏதேதோ வருகிறது. எதிலும் உள்சட்டம், அதாவது உள்சுவரை ஒட்டி ஓடும் கம்பு, இல்லை. உள்சட்டம் இல்லாத பெட்டி வேட்டை நாய்க்கு உதவாது. இவை நீள உடம்பு, நீளக் கால் கொண்ட நாய்கள். படுக்கும்போது சுவரோரமாக முதுகைச் சாய்த்து ஒரே இறக்கமாக இறங்கும். இடையில் சிக்கிய குட்டியின் சத்தம் வெளியே வராது. முதல் வாரச் சாவுகளில் நசுங்கிச் சாவது சாதாரணம். நான்கு சுவரிலும், தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில், சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி ஒரு கம்பு ஓட வேண்டும். குட்டி அந்தக் கம்புக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும், தாயின் முதுகு கம்பிலேயே நின்றுவிடும்.

பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போனால் பிளைவுட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் 12 மில்லிமீட்டர் நீர் தாங்கும் பிளைவுட் இரண்டு எடுத்தால் ஒரு பெட்டிக்குப் போதும், மிச்சமும் வரும். அளவு ராஜபாளையத்துக்கு ஐந்துக்கு நான்கு அடி, சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் நாலுக்கு நாலு. சுவர் ஒன்றரை அடி. ஒரு பக்கம் மட்டும் எட்டு அங்குல உயரத்தில் வாசல், அதன்மேல் சொருகி எடுக்கும் பலகை. உள்சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குல பிவிசி பைப், நான்கு எல்போ, தாங்கிக்கு மூலைக்கொரு கட்டை. மரக் கம்பைவிட பைப் மேல், கழுவினால் ஈரம் குடிக்காது. மூன்று வாரம் ஆனதும் கழற்றிவிடலாம், அதற்கு மேல் குட்டியே அதில் சிக்கும்.

தச்சரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது மூலை இணைப்புகளைப் பற்றி. உள்ளே எல்லா இணைப்பையும் சிலிகான் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். பழுப்பு நாய் உண்ணி நாயை விட்டு இறங்கியதும் மேலே ஏறி இடுக்கில் நுழைந்து முட்டையிடும் பழக்கம் உள்ளது. அடைக்காத பெட்டியில் ஒருமுறை உண்ணி குடியேறினால் அடுத்த ஈத்துக்கும் அங்கேயே காத்திருக்கும். பெயின்ட் அடித்தால் குறைந்தது இரண்டு வாரம் வாடை போக வெளியில் காயவிட வேண்டும். ஆகையால் நாய் குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன்பே பெட்டி வேலையை முடித்து, கடைசிப் பத்து நாள் அதிலேயே படுக்கப் பழக்க வேண்டும். கடைசி நேரத்தில் இறக்கினால் தாய் அதைச் சீண்டாது, கட்டிலுக்கு அடியில்தான் போய்க் குட்டி போடும்.

தரைக்கு என்ன போடுவது? செய்தித்தாள் முதல் நாள் பிரசவ ஈரத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு கூடாது. வழுக்கும் தரையில் குட்டியின் கால் பக்கவாட்டில் விரிந்து, நெஞ்சு தட்டையாகி, நீந்துவதுபோலத் தவழத் தொடங்கும். நெஞ்சு ஆழமான இந்த இனங்களுக்கு அது பெரிய கேடு. டைல்ஸ் தரையில் நேராக வளரும் குட்டிகளிடம் இதை நிறையப் பார்க்கலாம். பழைய பருத்திப் புடவை நல்லதுதான், ஆனால் கிழிசலும் பிரிந்த நூலும் காலில் சுற்றி இறுக்கும். ஓரம் அடித்த துணியாக இருக்கட்டும். அடியில் ரப்பர் மேட், மேலே வெட்பெட் எனப்படும் மயிரடர்ந்த விரிப்பு. இந்த இரண்டடுக்கு ஏற்பாடுதான் மிகச் சிறந்தது. ஈரம் கீழே இறங்கி மேல்பரப்பு காய்ந்திருக்கும். மூன்று விரிப்பு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் நான்கு.

சூடு: இருநூற்றைம்பது வாட்ஸ் பல்பு நம் ஊருக்கில்லை

பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது. முதல் வாரம் அதன் உடல் சூடே 35 முதல் 37 டிகிரிதான். வளர்ந்த நாயின் 38, 39-ஐ எட்ட ஒரு மாதம் ஆகும். அதனால் முதல் வாரம் குட்டி படுக்கும் இடம் 30–32 டிகிரி இருக்க வேண்டும், இரண்டாம் வாரம் 28, அதற்குப் பிறகு 26–27. இந்த எண்களை நம் ஊர் வெயிலோடு வைத்துப் பார்த்தால் ஹீட்டர் விற்பவர் சொல்லாதது புரியும். டிசம்பர், ஜனவரி, தொடர்மழை நாட்கள் போக, சென்னை வீட்டுக்குச் சூடு தேவைப்படுவது முதல் பத்து நாளின் இரவுகளுக்குத்தான். ஏப்ரல் முதல் ஜூன்வரை ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. குட்டிக்கு வியர்க்காது, மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கவும் வராது. சூடு மிஞ்சினால் கத்தும், தோல் சிவக்கும், உடம்பில் நீர் வற்றும்.

இன்னொரு சிக்கல் உண்டு. குட்டிக்கு 31 வேண்டும், தாய்க்கு 31 தாங்காது. பெட்டி முழுவதையும் சூடாக்கினால் பெட்டை இளைத்துக்கொண்டு வெளியே போய் டைல்ஸில் படுத்துவிடும். குட்டிக்குப் பாலும் போச்சு, உடம்புச் சூடும் போச்சு. ஆகவே ஒரே ஒரு மூலையை மட்டும் சூடாக்க வேண்டும். கோடையில் ஏசியை 27–28-ல் வைத்து, பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே துணி போட்டு காற்று நேராக இறங்காமல் மறைத்தால் வேலை முடிந்தது.

கோழிப் பண்ணைக்கு விற்கும் 250 வாட்ஸ் சிவப்பு பல்பு மூன்றடி உயரத்தில் தொங்கினாலும் நம் அறையில் அடியில் 40-ஐ எளிதாகத் தொட்டுவிடும். கழன்று விழுந்தால் தீ. வேண்டாம். மனிதர்களுக்கு விற்கும் ஹீட்டிங் பேடும் வேண்டாம். சில மாடல்கள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அணையும், நடு இரவில் அது தெரியாது. அணையாத மாடல்களில் தள்ளிப் படுக்கத் தெரியாத குட்டிக்கு வயிறு வெந்துபோகும். சரியானது, ஊர்வனவற்றுக்கு விற்கும் 100 வாட்ஸ் செராமிக் ஹீட்டர். வெளிச்சம் வராததால் இரவில் தாயின் தூக்கம் கெடாது. ஆனால் அதன் மேற்பரப்பு கொதிக்கும். பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். சுற்றிலும் கம்பிக் கூண்டு கட்டாயம்.

இதோடு சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றைச் சேர்த்துவிட்டால் மூன்றாயிரம் ரூபாய் பிராண்டட் செட்டைவிட நன்றாக வேலை செய்யும். ரிச்சி தெருவில் எஸ்டிசி-1000 என்று கேட்டால் கொடுப்பார்கள். 220 வோல்ட்டில் நேரடியாக ஓடும், ஒயரில் தொங்கும் சென்சார் கூடவே வரும். சூடாக்கும் பக்கத்தில் ஹீட்டர் ஒயரை இணைத்து, இலக்கு 31, வித்தியாசம் 1 டிகிரி என்று வைத்தால் 30-ல் போட்டு 31-ல் நிறுத்தும். ஒயரிங் தெரியாதவர் எலெக்ட்ரீஷியனிடம் ஒரு டப்பாவில் பொருத்தச் சொல்லுங்கள், திறந்த டெர்மினலோடு நாய் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. சென்சார் குட்டி படுக்கும் உயரத்தில், தாய் கடிக்காதபடி பைப்புக்குள் இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 29 காட்டும்போது ஹீட்டருக்கு நேர் கீழே 36 இருப்பது சாதாரணம்.

கருவியைவிடக் குட்டிகள் படுத்திருக்கும் விதமே சரியான கணக்குச் சொல்லும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் குளிர். ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்தால் சூடு. பக்கத்தில் பக்கத்தில் தளர்வாகப் படுத்து, தூக்கத்தில் லேசாகத் துள்ளிக்கொண்டிருந்தால் சரி. துள்ளல் இல்லாமல் அசையாது தூங்கும் குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

கரண்ட் போனால்? ரப்பர் வெந்நீர்ப் பை, இரண்டு சுற்றுத் துண்டு. ஆறிப்போனதும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது குட்டியின் சூட்டை உறிஞ்சும்.

குட்டிக்குப் பார்க்கும் தெர்மாமீட்டர், முனை வளையும் டிஜிட்டல் வகை. தேங்காய் எண்ணெய் தொட்டு ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக. இந்த வகை 32 டிகிரிக்குக் கீழே போனால் ‘Lo’ (லோ, அதாவது சூடு குறைவு) என்று காட்டும் என்பதை எழுதி டப்பாவிலேயே ஒட்டிக்கொள்வது நல்லது, பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நெற்றியில் காட்டும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் மயிர்மேல் தப்பாகக் காட்டும், அது காசுக்குக் கேடு.

பால் பவுடர், பாட்டில், டியூப்

பால் பவுடரை எல்லாரும் முதலில் வாங்குகிறார்கள். தாய்க்குப் பால் இருந்து, எடை தினமும் ஏறினால், அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டியதில்லை. முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்பதைப் பார்த்தால் போதும். ஒரு நாளுக்குப் பிறகு குடல் சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியை உள்ளே விடாது. எந்த பவுடரும் அதற்கு ஈடில்லை. ஈத்து பெரிதாக இருந்து காம்பு போதாமல் போனாலோ, தாய்க்கு மடிவீக்கம் வந்தாலோதான் பவுடர்.

வாங்கும்போது பிராண்டைவிட லேபிளைப் பாருங்கள். நாய்ப்பாலில் தோராயமாகக் கொழுப்பு 9 சதவீதம், புரதம் 7–8, லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை 3–4. நீரை எடுத்துவிட்டால் புரதம் 33, கொழுப்பு 40-ஐ ஒட்டி வரும். பவுடர் லேபிளில் இந்த எண்கள் அருகில் இருந்தால் நல்ல பொருள். ராயல் கேனின் பேபிடாக் மில்க் போன்றவை இந்த வகை. புரதம் 24, 25, கொழுப்பு இருபதுகளில் என்று இருந்தால் அது நாய்ப் படம் போட்ட மாட்டுப் பால் பவுடர். மாட்டுப் பால் பவுடரில் முப்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் லாக்டோஸ். குட்டிக்கு வயிற்றால் போகும். டப்பாவைத் திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு வாரத்திலேயே கட்டி தட்டும்; சின்ன பாக்கெட்டாகப் பிரித்து வருவதை வாங்குவது உத்தமம். தாயில்லாத ஒரு குட்டிக்கு மூன்று வாரத்துக்கு 400 கிராம் டப்பா இரண்டு ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குட்டிக்கு ஒரு டப்பா வாங்கி வைப்பது ஒப்புக்குத்தான்.

இரவு பத்து மணிக்குக் கடை இல்லை என்றால், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 250 மில்லியில் இரண்டு முட்டை மஞ்சள் கரு அடித்து, வடிகட்டிக் கொடுக்கலாம். ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், மஞ்சள் கரு சேர்ந்தால் 8-ஐத் தொடும். புரதம் 5-ஐத் தாண்டாது. அதனால்தான் இது ஓர் இரவுக்கு மட்டும். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான், அதில் தண்ணீர் வேறு ஊற்றிக் கொடுப்பது பட்டினி போடுவதற்குச் சமம். சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

அளவு: குட்டியின் வயிறு 100 கிராம் எடைக்கு 4 மில்லிதான் பிடிக்கும். 400 கிராம் குட்டிக்கு ஒரு வேளை உச்ச வரம்பு 16 மில்லி. ஒரு நாளைக்குச் சுமார் 85–90 மில்லி தேவை என்பதால் மூன்று மணிக்கொரு முறை 11 மில்லி என்று எட்டு வேளை. பால் 38 டிகிரி, மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. எதையும் கொடுக்கும் முன் குட்டியின் உடல் சூடு 35-க்கு மேல் இருக்க வேண்டும். சில்லிட்ட குட்டியின் குடல் நின்றுபோயிருக்கும், ஊற்றிய பால் வயிற்றிலேயே புளித்து உப்பும். ‘பாவம், குளிர்ந்து போச்சு, பால் குடு’ என்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தப்பு. முதலில் ஒன்றிரண்டு மணி நேரம் நெஞ்சோடு அணைத்து மெல்ல சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால்.

கிட்டில் வரும் பாட்டிலின் நிப்பிளில் பெரும்பாலும் ஓட்டையே இருக்காது. சூடாக்கிய ஊசியால் குத்திக்கொள்ள வேண்டும். கவிழ்த்தால் சொட்டாக விழ வேண்டும், ஒழுகினால் அந்த நிப்பிளைத் தூக்கி எறியுங்கள். கத்தரியால் வெட்டிய நிப்பிளால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து செத்த குட்டிகள் ஏராளம். குட்டி குப்புறப் படுத்தபடி, தலை லேசாகத் தூக்கியபடிதான் குடிக்க வேண்டும்; கைக்குழந்தைபோல மல்லாத்தக் கூடாது. மூக்கில் பால் குமிழ் வந்தால் நிறுத்துங்கள்.

உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்கு டியூப்தான் பாதுகாப்பு. நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் உள்ள சர்ஜிகல் கடைகளில் குழந்தைகளுக்கான ஃபீடிங் டியூப் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. 300 கிராமுக்குக் கீழே 5 எண், அதற்கு மேலே 8 எண். மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்புவரை அளந்து, அதில் முக்கால் தூரத்தில் பேனாவால் குறி. குட்டி வளர்வதால் சில நாளுக்கொருமுறை புதிதாக அளக்க வேண்டும். குறிவரை போகாமல் முட்டினாலோ இருமினாலோ குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறது, வெளியே எடுங்கள். முதல்முறை டாக்டர் செய்து காட்டியதைப் பார்க்காமல் யாரும் தொடங்க வேண்டாம். தாயில்லாத குட்டிக்கு ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும். மூன்று வாரம்வரை அதுவாக மூத்திரம், மலம் போகாது.

மருந்து அலமாரி

கால்சியம் சிரப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சினைக் காலத்தில் கால்சியத்தைக் கொட்டினால் தாயின் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை மறந்துவிடும். பால் உச்சத்தில் இருக்கும் இரண்டு, மூன்றாம் வாரத்தில் இரத்தத்தில் திடீரென்று இறங்கி, நடுக்கம், தள்ளாட்டம், இழுப்பு என்று வரும். அது வந்துவிட்டால் ஊசிதான், வீட்டில் சிரப் ஊற்றிப் பார்க்கும் நேரமில்லை. அதற்குப் பதில் அந்தக் காசைத் தாயின் தட்டில் போடுங்கள். நான்காவது வாரம் நெருங்கும்போது வழக்கத்தைவிட மூன்று மடங்குவரை சாப்பிடும்.

பூச்சி மருந்து இரண்டாம் வாரமே தொடங்க வேண்டும். 2, 4, 6, 8 வாரங்களில். உருண்டைப் புழு கருவிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது, கொக்கிப் புழு பால் வழியாக வருகிறது. ஈறு வெளுத்த குட்டி என்றால் முதல் சந்தேகம் கொக்கிப் புழுமேல். பைரன்டெல், ஃபெபன்டெல் கலந்த குட்டிகளுக்கான திரவ மருந்து நல்லது; ட்ரான்டல் பப்பியின் அளவு கிலோவுக்கு 1 மில்லி. 800 கிராம் குட்டிக்கு 0.8 மில்லி, ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில் எடுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் எடுத்தால் மேலே தண்ணீர்தான் வரும். பெரிய நாய் மாத்திரையை உடைத்துக் கண்ணளவில் கொடுக்கும் வேலை வேண்டாம். அதே நாளில் தாய்க்கும் அதன் எடைக்குரிய அளவு கொடுக்க வேண்டும்.

உண்ணிக்குக் கடையில் எதைக் கொடுத்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். அமிட்ராஸ் கரைசல் நான்கு மாதத்துக்குக் கீழே கூடாது. பெட்டியில் அந்துருண்டை போடுவது விஷம் வைப்பதுதான். சீப்பும் டுவீசரும் போதும், மற்றதை டாக்டர் முடிவு செய்யட்டும். குட்டி அறையில் ஃபினாயிலும் வேண்டாம். குட்டிகளுக்கு வரும் கொடிய குடல் நோயான பார்வோவின் வைரஸைக் கொல்வது பிளீச்தான். 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் லிட்டர் தண்ணீருக்கு 35 மில்லி. முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, இதை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கழுவிக் காயவைத்த பிறகுதான் குட்டியை இறக்க வேண்டும். வாசனை ஸ்ப்ரே எதற்கு என்று தெரியவில்லை. தாய் மோப்பத்தால்தான் குட்டியை அறியும்.

கிட்டில் வரும் நகவெட்டி மட்டும் பாராட்டத்தக்கது. முன்கால் நக நுனியை வாரம் ஒருமுறை வெட்டாவிட்டால் மடியெல்லாம் கீறலாகி, அதில் கிருமி ஏறி மடிவீக்கம் வரும். மனிதக் குழந்தைக்கான நகவெட்டியும் இதே வேலையைச் செய்யும்.

ஸ்டார்ட்டர் உணவு

மூன்றரை வாரத்தில் தொடங்கலாம். ஸ்டார்ட்டர் என்று விற்கும் உணவில் புரதம் 28–30, கொழுப்பு 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெந்நீர் விட்டு அரைமணி ஊறவைத்துக் கூழாக்க வேண்டும். ஒவ்வொரு மூன்று நாளும் தண்ணீரைக் குறைத்து ஏழாம் வாரம் உலர்ந்ததுக்குப் போகலாம். இந்த உணவையே தாய்க்கும் கொடுக்கலாம் என்பது ஒரு வசதி, மூட்டையாக வாங்கினால் மலிவு. கிண்ணத்துக்குப் பதில் விளிம்பு தாழ்ந்த எவர்சில்வர் தட்டு வையுங்கள். நடுவில் மேடுள்ள குட்டித் தட்டு விலை அதிகம், ஆனால் எட்டுக் குட்டி உள்ளே இறங்கி மிதிப்பதைத் தடுக்கிறது. சென்னை வெயிலில் ஊறிய கூழ் அரைமணிக்கு மேல் தட்டில் இருந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

கேழ்வரகுக் கூழும் தயிர் சாதமும் மட்டும் கொடுத்து வளர்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வயிறு பானையாகத் தெரியும், முதுகெலும்பு கைக்குத் தட்டும். கூழில் வேகவைத்த முட்டையும் கோழி ஈரலும் சேர்த்தால் பரவாயில்லை, ஈரல் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல்.

தடுப்பூசி ஆறாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை, பதினாறு வாரம்வரை. முதல் ஊசிக்கு எட்டுக் குட்டியையும் கூடையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாதீர்கள், பார்வோ நாயும் அதே வரிசையில்தான் நிற்கும். டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லும் கட்டணம் ஈத்துக்கு மொத்தமாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் குட்டி சில்லிட்டுப் போனாலோ, தாய்க்கு நடுக்கம் வந்தாலோ யோசிக்காமல் அருகிலுள்ள மருத்துவரிடமோ, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்கோ கிளம்ப வேண்டும்.

குட்டியை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மத்திய விதிகள் சொல்கின்றன. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். ராஜபாளையம் ஈத்தில் அந்த எட்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய ஒன்று பாக்கியிருக்கிறது. வெள்ளை நிறத்தோடு வரும் பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு. ஐந்தாவது வாரத்தில், குட்டி தூங்கும்போது, தரை அதிராமல், காற்றடிக்காமல், பின்னால் இருந்து சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். கூட்டமாக இருக்கும்போது சோதிக்காதீர்கள், பக்கத்துக் குட்டி எழுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் எழும். ஒவ்வொன்றாகத் தனி அறையில், இரண்டு நாள் விட்டு மறுபடியும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் வாங்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.